இரண்டாவது துளை

நமது வீட்டு ஸ்நான அறையில், மேற்கூரைக்கு ஒரு முழம் கீழே, பதினான்கு வருஷ காலமாக ஓர் ஊழியன் இருந்து வந்தான். சம்பளம் கேட்டதில்லை, லீவு கேட்டதில்லை. ஸ்விச்சைத் தட்டினால் சுழல்வான். மறுபடி தட்டினால் நிற்பான். அறையில் சேரும் நீராவியையும் புழுக்கத்தையும் சுவருக்கு வெளியே தள்ளுவது அவனுடைய உத்தியோகம். இந்தப் பதினான்கு வருஷத்தில் நாம் அவனை நிமிர்ந்து பார்த்தது நாலைந்து முறை இருக்கலாம். அவன் முனக ஆரம்பித்த பிறகுதான், 'ஓகோ, இப்படி ஒருவன் இங்கே இருக்கிறானல்லவா?' என்ற ஞாபகமே நமக்கு வந்தது. உலகத்தில் வாய் திறவாமல் உழைக்கிறவர்களின் கதி பெரும்பாலும் இதுதான்.

இந்த ஊழியனுக்குக் கடைவீதியில் 'எக்ஸாஸ்ட் பேன்' என்று பெயர். 'பேன்' என்று எழுதிக்கொண்டே போனால், தலையில் குடியிருக்கும் ஜந்துவைப் பற்றி நாம் வியாசம் எழுதத் துணிந்துவிட்டதாக நேயர்கள் கருதக்கூடும். ஆதலால் 'விசிறி' என்றே சொல்லிப் போவோம்.

முதலில் முனகல் மட்டும் இருந்தது. பிறகு அது இருமலாயிற்று. சென்ற ஐப்பசியில், ஸ்விச்சைப் போட்டால் 'உம்' என்று ஒரு சப்தம் மாத்திரம் வரும், இறக்கை அசையாது. விளக்குமாற்றுக் குச்சியால் ஒரு தட்டுத் தட்டினால், கோபித்துக்கொண்ட குழந்தையைப் போல் மெதுவாகச் சுழலத் தொடங்கும். ஈரக் கையுடன் மின்சார யந்திரத்தைக் குச்சியால் குத்துவது எவ்வளவு அபாயம் என்று வகுப்பில் பிள்ளைகளுக்கு உபதேசம் செய்கிற நாமே, தினந்தோறும் காலையில் அந்தத் திருப்பணியைச் செய்து வந்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

ஒயர்மேன் வந்து பார்த்தார். அவர் நமது பழைய மாணாக்கர். கடைசி பெஞ்சைச் சேர்ந்தவர். "ஸார், இதற்கு இரண்டு வியாதி" என்றார். "இருசு சுழலுகிற புஷ் தேய்ந்துவிட்டது, அதனால்தான் முனகல். சக்கரத்தை முதலில் கிளப்பிவிடுகிற கண்டென்ஸர் பலஹீனப்பட்டுவிட்டது. அதனால்தான் குச்சி வைத்தியம். கண்டென்ஸரை மாற்றலாம். புஷ் தேய்ந்த பிறகு மாற்றுவதற்குப் புதிதே வாங்கிவிடலாம்."

இறக்கையின் மேல் விரற்கடை கனத்துக்குத் தூசியும் பஞ்சும் சோப்புப் பிசினும் அடை அடையாக ஒட்டியிருந்தன. நமது ராஜபாளையம் பஞ்சாலை ஊர். பக்கத்திலுள்ள சத்திரப்பட்டியோ ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணி நெய்து அனுப்பும் ஊர். பஞ்சுத் துகள் இங்கே காற்றோடு கலந்த வஸ்து. வருஷத்துக்கு இரு முறை மெயினை அணைத்துவிட்டு ஈரத் துணியால் துடைத்திருந்தால், இந்த ஊழியன் இன்னும் நாலு வருஷம் உழைத்திருப்பான் என்றார் ஒயர்மேன்.

விசிறி நின்றுவிட்டால் என்ன மோசம் என்று கேட்கலாம். நமது தாயாருக்கு வயது எழுபத்திரண்டு. மழைக் காலத்தில் நெஞ்சில் இளைப்பு வரும். விசிறி சுழலாத இரண்டு மாதத்தில் ஸ்நான அறையின் மூலையில் கரும்புள்ளிகள் தோன்றின. பிறகு அவை சுவர் முழுவதும் பரவின. பூஞ்சணத்தின் நுண்ணிய விதைகள் காற்றில் மிதந்து, இளைப்பு உள்ளவர்களின் மூச்சுக் குழலை வருத்தும் என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். சகதர்மிணி ஒரு நாள், "அடுத்த சனிக்கிழமைக்குள் புது விசிறி வராவிட்டால், நானே கடைக்குப் போய் வாங்கி வருவேன்" என்று கெடு விதித்தாள். வீட்டில் கெடு விதிக்கப்பட்ட பிறகு உபாத்தியாயருக்குச் சோம்பல் தெளிந்துவிடும்.

நமது பாட்டனார் காலத்தில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. கிணற்றடியிலே ஸ்நானம், மேலே ஆகாயம், சுற்றிலும் வாழை. ஈரத்தை வெளியேற்றச் சூரிய பகவானும் வாயு பகவானும் கூலி கேளாமல் வந்தார்கள். பிறகு நாம் ஸ்நானத்தை வீட்டுக்குள்ளே கொண்டுவந்தோம். கதவு போட்டோம், தாழ்ப்பாள் போட்டோம், சுவருக்குப் பளிங்கு போன்ற ஓடு பதித்தோம். மானமும் சௌகரியமும் உள்ளே வந்தன. காற்று மட்டும் வெளியே நின்றுவிட்டது. இதே ஊரில் 1936-ல் தோன்றிய ராஜபாளையம் மில்லிலும் மற்ற ஆலைகளிலும் நூல் அறுந்துபோகாதிருக்கும் பொருட்டு வேண்டுமென்றே ஈரக் காற்றை ஊட்டுகிறார்கள். நூலுக்கு அமிர்தமான ஈரம் சுவருக்கும் நுரையீரலுக்கும் விஷமாகிறது.

சனிக்கிழமை கடைக்குப் போனோம். விசிறிகள் 6 அங்குலம், 9 அங்குலம், 12 அங்குலம் என்று வரிசையாக இருந்தன. எல்லாம் நமது தேசத்திலேயே செய்தவை என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். பெருமைக்கு நியாயம் உண்டு. கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ல் உள்நாட்டிலேயே மின்சார மோட்டார் செய்து காட்டும் வரையில், இத்தகைய யந்திரங்களுக்கு நாம் சீமையை நோக்கி நின்றவர்களே. இன்று விசிறிக்கென்று நம் நாட்டுத் தரமே இருக்கிறது. அதன் எண் 2312. பெட்டியின் மேல் அந்த எண்ணையும், மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்றைத் தள்ளும் என்ற கணக்கையும் பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம்.

கணக்கு நமக்குப் பிரியமான விஷயம். நமது ஸ்நான அறை 6 அடி நீளம், 5 அடி அகலம், 9 அடி உயரம். ஆக 270 கன அடி. மணிக்குப் பத்து முறை அறைக் காற்று முழுவதும் மாற வேண்டுமென்று வைத்துக்கொண்டால், நிமிஷத்துக்கு 45 கன அடி போதும். ஆஷ்ரே என்னும் அமெரிக்க நிபுணர் சங்கமும் தனது விதியில், வேண்டும்போது மாத்திரம் போடுகிற ஸ்நான அறை விசிறிக்கு நிமிஷத்துக்கு 50 கன அடி என்றுதான் சொல்லுகிறது. ஆறு அங்குல விசிறியே இதற்குத் தாராளம்.

ஒயர்மேனும் அதையே சொன்னார். "வாத்தியாரய்யா, ஆறு போதும்" என்று கடைக்காரரும் சொன்னார். ஆனால் வாங்குகிறபோது மனிதனுக்கு ஒரு கௌரவ புத்தி வந்துவிடுகிறது. "அண்ணாச்சி, எதற்கும் ஒன்பதாகவே கொடுங்கள், சக்தி அதிகமாக இருந்தால் நல்லதுதானே?" என்றோம். கணக்குப் போடத் தெரிந்தும் கணக்கை மீறி நடக்கிறவனுக்குப் படித்த முட்டாள் என்று பெயர்.

பழைய விசிறியைக் கழற்றிச் சுவர்த் துளையைப் பெரிதாக்கிச் சிமெண்டு பூசினார் ஒயர்மேன். பூச்சு இறுக ஒரு நாள் ஆகும். ஞாயிற்றுக்கிழமை ஸ்நானத்துக்கு என்ன செய்வது? "அய்யனார் கோவிலுக்குப் போய் ஆற்றிலே குளிக்கலாம்" என்று தாயார் யோசனை சொன்னார்கள். குடும்பம் முழுவதும் கட்டுச்சோறுடன் புறப்பட்டது.

ராஜபாளையத்துக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது அந்த ஸ்தலம். ஆறாவது மைல் என்று ஊரார் சொல்லும் நீர்த்தேக்கத்தைத் தாண்டிப் போனால், மலை நம்மைக் கைநீட்டி அழைப்பதுபோல் நெருங்கி வரும். ஊருக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் நீர் இந்த மலையிலிருந்து இறங்குவதுதான். சுவாமிக்கு நீர்காத்த அய்யனார் என்று திருநாமம். இதைவிடப் பொருத்தமான பெயரை ஒரு பாசன நிபுணரும் வைத்திருக்க முடியாது. இந்தக் காடு 1988-ல் நரை அணில்களுக்கான சரணாலயமாயிற்று. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. மலையில் பெருமழை பெய்தால் ஆறு சொல்லாமல் பெருகும். அத்தகைய நாட்களில் வனத்துறையார் யாரையும் உள்ளே விடுவதில்லை. நாம் போன அன்று ஆறு சாந்தமாக இருந்தது.

பாறைகளுக்கு நடுவே முழங்கால் அளவு நீரில் எல்லோரும் குளித்தோம். தாயார் ஒரு சிறு பாறையில் உட்கார்ந்து சொம்பினால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டார்கள். கரையேறிக் கால் மணி நேரத்துக்குள் கூந்தல் காய்ந்துவிட்டது. "இங்கே குளித்தால் மூச்சு விட எத்தனை லேசாக இருக்கிறது, பார்! காற்று மலையிலிருந்து வருகிறது, வயலைப் பார்த்துப் போகிறது" என்றார்கள். கிழவர்கள் சொல்லும் சாதாரண வார்த்தை என்று எண்ணித் தலையசைத்துவிட்டு, நாம் புளியோதரையில் கவனம் செலுத்தினோம். அந்த வாக்கியத்தின் பிற்பகுதியில்தான் விஷயம் முழுவதும் இருந்தது என்பது மறுநாள் வரையில் நமக்கு உறைக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் புது விசிறி ஏறிற்று. என்ன வேகம்! என்ன கம்பீரம்! கதவைச் சிறிது திறந்தால், கூடத்திலுள்ள காற்றெல்லாம் 'உஸ்' என்று உள்ளே பாய்ந்தது. "பார்த்தாயா சக்தியை!" என்று சகதர்மிணியிடம் மார்தட்டிக்கொண்டோம்.

இங்கே இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். நமது ஸ்நான அறைக்குள் வெந்நீருக்காக எரிவாயுவில் இயங்கும் கீஸர் ஒன்று மாட்டியிருந்தது. அதன் புகைக் குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிறது. இது ஒன்று. மழைக் காலத்தில் ஒரு பூரான் கதவின் அடியில் நுழைந்ததைக் கண்டு, சென்ற மாதம்தான் கதவின் கீழ் விளிம்பில் ரப்பர்ப் பட்டை அடித்து இடைவெளியை அடைத்திருந்தோம். இது மற்றொன்று.

அன்று தாயார் கீஸரைப் போட்டு, விசிறியையும் போட்டு, கதவைத் தாழிட்டு ஸ்நானம் செய்தார்கள். வழக்கத்தைவிடச் சற்றுத் தாமதமாயிற்று. கதவு திறந்தது. தாயார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "தலை விண் விண் என்று தெறிக்கிறது, கண்ணைச் சுற்றுகிறது, அப்பா" என்று சொல்லி அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

அடுத்த அரை மணி நேரத்தை நாம் வர்ணிக்கப் போவதில்லை. கூடத்து ஜன்னல்களையெல்லாம் திறந்ததும், வண்டி பிடித்ததும், டாக்டரிடம் ஓடியதும் கனவுபோல் இருக்கின்றன. டாக்டர் நாடியைப் பிடித்துக்கொண்டே கேட்ட முதல் கேள்வி இதுதான்: "வெந்நீர் எதில் காய்கிறது? எரிவாயுவிலா? அது குளிக்கிற அறைக்குள்ளேயா இருக்கிறது?" நாம் தலையை ஆட்டினோம். பிராணவாயு கொடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் தாயார் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார்கள். அதன் பிறகுதான் நமக்கு உயிர் வந்தது.

டாக்டர் விளக்கினார். எரிவாயு நன்றாக எரியக் காற்று வேண்டும். காற்றுக் குறைந்தால் அரைகுறையாக எரியும். அப்போது கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள சிவப்புப் பொருள் பிராணவாயுவைப் பற்றிக்கொள்வதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இந்த விஷத்தைப் பற்றிக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு மயக்கம், குமட்டல், அதற்கும் பிறகு விழிப்பதில்லை. குளிக்கப் போனவர் வெகு நேரம் வரவில்லையே என்று கதவை உடைத்துப் பார்க்கிற துக்கச் செய்திகள் பத்திரிகையில் வருகின்றனவே, அவற்றில் பலவற்றுக்கு இதுவே காரணம்.

"ஆனால் புது விசிறி ஓடிக்கொண்டிருந்ததே? புகையை அது வெளியே தள்ளியிருக்க வேண்டாமா?" என்று நாம் வியந்தோம்.

மறுநாள் ஒயர்மேன் வந்தார். கீஸரை அணைத்து, எரிவாயுவின் திருகையும் மூடினார். பிறகு ஓர் ஊதுவத்தியைக் கொளுத்திக்கொண்டு நம்மையும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார். விசிறி சுழன்றது. ஊதுவத்தியைக் கீஸரின் புகைக் குழாய் அருகில் பிடித்தார். புகை குழாய்க்குள் போகவில்லை. குழாயிலிருந்து காற்று எதிர்த்து வீச, புகை நமது முகத்திலேயே அடித்தது. பிறகு கதவைத் திறந்தார். உடனே குழாய்க் காற்று நின்றது. புகை அமைதியாக மேலேறி விசிறியை நோக்கிப் போயிற்று.

கூடத்தில் சாய்வு நாற்காலியில் படுத்திருந்த தாயார் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஏனப்பா, எண்ணெய் டின்னுக்கு நாம் இரண்டு துளை போடுகிறோமே! ஒரே துளை போட்டால் எண்ணெய் வருமா? இந்த அறைக்கு மட்டும் ஏன் ஒரே துளை வைத்தாய்?" என்றார்கள்.

நாம் இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் காற்றின் அழுத்தத்தைப் பற்றிப் பாடம் சொல்லி வருகிறோம். தகர டின்னில் இரண்டாவது துளை போட்டுக் காட்டுவது நமது வகுப்பில் பிரசித்தமான பரிசோதனை. ஒயர்மேன் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவர் முகத்தில், 'இந்தப் பாடத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள்தான், ஸார்' என்று எழுதியிருந்தது.

விஷயம் இவ்வளவுதான். விசிறி காற்றை உண்டாக்குவதில்லை; இருக்கிற காற்றை வெளியே தள்ளுகிறது. தள்ளிய அளவுக்கு வேறொரு வழியில் காற்று உள்ளே வந்தாக வேண்டும். கதவின் இடைவெளியை நாம் அடைத்துவிட்டோம். காற்றுக்கு மிஞ்சிய வாசல் புகைக் குழாய் ஒன்றே. ஒன்பது அங்குல விசிறி, வெளியே போக வேண்டிய புகையை அந்தக் குழாய் வழியாகவே உள்ளே இழுத்துக்கொண்டது. பழைய விசிறி நின்றுபோயிருந்த இரண்டு மாதமும் அதன் துளை வழியே சிறிது காற்று வந்து போயிற்று. அதுதான் நம்மைக் காப்பாற்றியிருக்கிறது. உயர்ந்த விசிறி வாங்கி மாட்டிய அன்றைக்குத்தான் வீடு ஆபத்தாயிற்று.

இன்னும் ஒரு கணக்கு. ஒரு கிலோ சமையல் எரிவாயு முற்றும் எரிவதற்கு 15 கிலோவுக்கு மேற்பட்ட காற்று வேண்டும். 270 கன அடி அறையில் இருக்கும் காற்று முழுவதும் சேர்த்து நிறுத்தால் ஏறக்குறைய 9 கிலோதான். அந்தக் காற்றைக் கீஸரும் குளிக்கிற மனிதரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இந்தப் பங்கீட்டில் மனிதருக்கு ஜயம் கிடைக்காது.

ஆகவே செய்த பரிகாரங்கள் மூன்று. முதலாவதாக, கீஸரைப் பெயர்த்துப் புறக்கடையில், நாலு பக்கமும் காற்றாடும் இடத்தில் மாட்டினோம். வெந்நீர் மாத்திரம் குழாய் வழியே உள்ளே வருகிறது. எத்தனை பெரிய விசிறி வைத்தாலும் எரிவாயுக் கீஸர் ஸ்நான அறைக்குள் இருக்கலாகாது என்பது டாக்டரும் ஒயர்மேனும் சேர்ந்து சொன்ன தீர்ப்பு. இரண்டாவதாக, ரப்பர்ப் பட்டையை உரித்து எறிந்து, கதவின் அடியில் ஓர் அங்குலம் இழைத்து எடுத்தோம். பூரானுக்காகச் சன்னமான கம்பி வலை அடித்திருக்கிறோம். மூன்றாவதாக, ஒன்பது அங்குல வீரரைச் சமையலறைக்கு மாற்றிவிட்டு, ஸ்நான அறைக்கு ஆறு அங்குல விசிறி வாங்கினோம். ஆறு அங்குல வட்டத்தின் பரப்பு சுமார் 28 சதுர அங்குலம். இரண்டரை அடி அகலமுள்ள கதவின் கீழே ஓர் அங்குல இடைவெளியின் பரப்பு 30 சதுர அங்குலம். வலைக் கம்பி சிறிது இடத்தை அடைத்துக்கொண்டாலும், போகிற வழியும் வருகிற வழியும் ஏறக்குறைய ஈடாக நிற்கின்றன.

செலவைப் பற்றிச் சிக்கனக்காரர்கள் அஞ்ச வேண்டாம். 40 வாட் விசிறியைத் தினம் ஒரு மணி நேரம் ஓட்டினால், மாதத்துக்கு 1.2 யூனிட் மின்சாரந்தான். குளித்து முடித்த பிறகும் இருபது நிமிஷம் ஓட விட வேண்டும். சுவரின் ஈரம் அப்போதுதான் போகும். மாட்டும்போது விசிறியின் முகம் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் வெளியிலிருப்பதை உள்ளே தள்ளும். மெயினை அணைக்காமல் யாரும் ஒயரில் கை வைக்கலாகாது. விளக்குமாற்றுக் குச்சியும் வைக்கலாகாது.

இரண்டு மாதம் கழிந்தது. சுவரைத் தேய்த்து வெள்ளையடித்தோம். கரும்புள்ளி திரும்ப வரவில்லை. தாயாரின் இளைப்பும் தணிந்திருக்கிறது. சென்ற வாரம் மறுபடி அய்யனார் கோவிலுக்குப் போய் வந்தோம். தாயார் சந்நிதியில் வெகு நேரம் நின்றார்கள். என்ன வேண்டிக்கொண்டார்கள் என்று கேட்டோம். "தண்ணீரை அவர் பார்த்துக்கொள்கிறார். வீட்டுக் காற்றை நீ பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்" என்றார்கள்.

நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டு ஸ்நான அறைக்குப் போங்கள். விசிறியைப் போட்டுக் கதவைச் சாத்துங்கள். வெளியே நின்று கதவின் அடியில் ஒரு காகிதத் துண்டைப் பிடியுங்கள். காகிதம் உள்பக்கமாக ஆடினால் சந்தோஷம். ஆடாவிட்டால், காற்று எந்த வழியாக உள்ளே வருகிறது என்று தேடிப் பாருங்கள். உள்ளே எரிவாயுக் கீஸர் இருந்தால் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம். அதை அணைத்துவிட்டு, வெளியே மாற்றுவதற்கு இன்றைக்கே ஆள் அனுப்புங்கள்.